லிப்பிடின் வடிவம் மட்டுமே வெசிக்கிளை உருவாக்கிவிடுமா?

கயல்_உயிரிநுட்பம்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. முதலாண்டு. சவ்வு வளைவு பற்றி வகுப்பில் செமினார் எடுக்க வேண்டும். நோட்ஸில் இருப்பது இவ்வளவுதான்: தண்ணீரை விரும்பும் தலையும் கொழுப்பு வால்களும் உள்ள லிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பதுதான் செல் சவ்வு. தலை சின்னதாகவும் வால் பகுதி அகலமாகவும் இருந்தால் அந்த லிப்பிட் கூம்பு வடிவம். தலை பெரிதாகி வால் ஒன்றே ஒன்றாக இருந்தால் தலைகீழ்க் கூம்பு. இரண்டும் சரிசமம் என்றால் உருளை. கூம்புகள் சேரும் இடத்தில் சவ்வு வளையும், வளைந்தால் வெசிக்கிள், அதாவது சவ்வாலான சின்னக் குமிழி, பிரியும்.

எனக்கு இடிக்கிற இடம் இது. ஈ. கோலை பாக்டீரியாவின் உள்சவ்வில் ஏறக்குறைய முக்கால்வாசி பாஸ்பாட்டிடைல் எத்தனாலமைன் என்ற லிப்பிட். அது கூம்பு என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அப்படியானால் அந்தச் சவ்வு முழுக்கக் குமிழ் குமிழாகப் பிய்ந்து போயிருக்க வேண்டாமா? யாராவது விளக்குங்கள்.

சவ்வோரம்

வடிவத்தை ஓர் எண்ணாக எழுதிப் பாருங்கள் கயல், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். 1976-இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் கொடுத்த கணக்கு இது. வால்களின் கன அளவை எடுங்கள். தலை பிடிக்கும் பரப்பை வாலின் நீளத்தால் பெருக்கி, அதால் வகுங்கள். விடை மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் உருண்டை மைசெல், அதாவது வால்கள் உள்ளே ஒடுங்கிய ஒற்றை அடுக்குத் திரள். மூன்றில் ஒன்றுக்கும் அரைக்கும் நடுவில் நீள மைசெல். அரை முதல் ஒன்று வரை இரட்டை அடுக்கு, வெசிக்கிள். ஒன்றைத் தாண்டினால் தலைகள் உள்ளேயும் வால்கள் வெளியேயுமாகப் புரண்ட அமைப்பு.

டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல் கோலினைப் போட்டுப் பார்ப்போம். 16 கார்பன் வால்கள் இரண்டு, இரண்டுக்கும் சேர்த்துக் கன அளவு சுமார் 0.86 கன நானோமீட்டர். தலைக்கு 0.64 சதுர நானோமீட்டர். முழுக்க நீட்டிய வால் 2.05 நானோமீட்டர். வகுத்தால் 0.66 வரும். சரி, இப்போது ஒரு வாலை மட்டும் வெட்டி எடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று வைத்தால் விடை 0.33. ஒரே வெட்டில் இரட்டை அடுக்கிலிருந்து மைசெலின் வாசலுக்கு வந்துவிட்டோம். அந்த ஒற்றை வால் மூலக்கூறுதான் லைசோலெசித்தின்.

எத்தனாலமைன் லிப்பிட் எதிர்த்திசை. கோலின் தலையில் உள்ள மூன்று மெத்தில்களும் அதில் இல்லை. தண்ணீரையும் குறைவாகத்தான் பிடித்து வைக்கும், பக்கத்துத் தலையோடு ஹைட்ரஜன் பிணைப்பும் போட்டுக்கொள்ளும். அதனால் தலைகள் நெருங்கி உட்காரும். வால் இரண்டும் ஓலியிக் அமிலமாக இருந்தால், தனியாகத் தண்ணீரில் விட்ட உடனே, அறை வெப்பநிலையிலேயே, தலைகீழ் அறுகோணக் குழாய்களாக அடுக்கிக்கொள்ளும். தட்டையான அடுக்காக நிற்கவே நிற்காது.

இதில் தலைப் பரப்பு என்பது மூலக்கூறில் பொறித்து வைத்த எண் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அமிலத்தன்மை, உப்பு, கால்சியம், வெப்பநிலை எதை மாற்றினாலும் அது மாறும். மைட்டோகாண்ட்ரியாவின் கார்டியோலிப்பினைச் சாதாரண உப்புநீரில் விட்டால் அடுக்காக இருக்கும். கால்சியம் சேர்த்தால் புரண்டு அறுகோணமாகும். வேதியியல் வாய்பாடு அதேதான், வடிவம் வேறு.

வடமலை_வேதியியல்

பள்ளியில் நான் இதைக் கிணற்றுச் சுவரை வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். நேர்ச் சுவருக்குச் சதுரச் செங்கல் போதும். வட்டக் கிணறு கட்ட ஒரு பக்கம் குறுகிய ஆப்புச் செங்கல் வேண்டும். செங்கல்லின் சரிவு எவ்வளவோ அதற்கேற்றபடி கிணற்றின் விட்டம் அமையும். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. கயலின் கேள்விக்கு இது போதாது என்று தெரிகிறது, ஆனால் எங்கே போதாமல் போகிறது?

சவ்வோரம்

> ஆனால் எங்கே போதாமல் போகிறது?

கிணற்றுச் சுவர் ஒற்றை வரிசை சார். சவ்வு இரட்டை வரிசை, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. ஈ. கோலை கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒற்றை அடுக்கில் கூம்புகள் சேர்ந்தால் அது தலைப் பக்கமாகச் சுருளப் பார்க்கும். எதிர் அடுக்கிலும் அதே அளவு கூம்புகள் இருந்தால் அதுவும் தன் தலைப் பக்கமாகச் சுருளப் பார்க்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை. வால்களுக்கு நடுவே வெற்றிடம் விட முடியாது, அதனால் எந்த அடுக்கும் தன் விருப்பப்படி பிரிந்து போகவும் முடியாது. கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்துத் தட்டையாகவே நிற்கும். தட்டையாக இருப்பதால் அமைதியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளுக்குள் இறுக்கம் சேர்ந்தே இருக்கிறது.

ஆக, வெசிக்கிளைப் பொறுத்தவரை கூம்பு இருக்கிறதா இல்லையா என்பது முதல் கேள்வி இல்லை. *இந்த* அடுக்கில் எவ்வளவு, *அந்த* அடுக்கில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சவ்வின் மொத்தப் பங்கைக் கொடுத்துவிட்டு வளைவைப் பற்றி முடிவு சொல்லும் பாடநூல் படங்களை எல்லாம் திருத்தி வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இறுக்கம் வீண் சுமையும் இல்லை. 1991-இல் டவ்ஹன் குழு எத்தனாலமைன் லிப்பிடே தயாரிக்க முடியாத ஈ. கோலையை உருவாக்கியது. அது பிழைத்தது, ஆனால் ஊடகத்தில் மக்னீசியம் போன்ற இரட்டை நேர்மின் அயனிகளைத் தாராளமாகக் கொடுத்தால்தான். மிச்சமிருந்த கார்டியோலிப்பினை அந்த அயனிகள் கூம்பாக மாற்றி ஈடுகட்டின என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். கூம்பு லிப்பிட் அந்தச் செல்லுக்குத் தேவைப்படுகிறது, குமிழ் விடுவதற்காக அல்ல.

கயல்_உயிரிநுட்பம்

நன்றி அண்ணா, இது தெளிவாகிவிட்டது. அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் கூம்பு கூடினால் வெசிக்கிள் தானாக வந்துவிடும் என்று எழுதலாமா?

தறிநூல்

எழுதாதே தங்கச்சி. இங்கே நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப்போகிறேன்.

செல்லுக்குள் வெசிக்கிளைப் பிரித்தெடுப்பவை புரதங்கள். ஷெக்மனும் நோவிக்கும் 1979-80 வாக்கில் ஈஸ்டில் சுரப்பு நின்றுபோன திரிபுகளைத் தேடிப் பிடித்ததிலிருந்து, ராத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013 நோபல் கிடைத்தது வரை, அந்தக் கதையின் நாயகர்கள் புரதங்கள்தான். எண்டோபிளாச வலையில் சார்1 என்ற சின்னப் புரதம் தன் முனையில் உள்ள சுருளைச் சைட்டோசால் (செல்லின் உள்நீர்மம்) பக்க அடுக்குக்குள் செருகுகிறது. செக்23, செக்24 ஜோடி சரக்கைப் பிடிக்கிறது. செக்13, செக்31 வெளியே கூண்டு கட்டுகிறது. 60 முதல் 80 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழி பிரிகிறது. 1998-இல் இதே புரதங்களை வெறும் செயற்கை லிப்போசோமோடு (லிப்பிட் மட்டுமே உள்ள குமிழி) கலந்தே குமிழியைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். லிப்பிட் கலவையில் அமில லிப்பிடுகள் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் முக்கியக் காரணம் அவற்றின் மின்னூட்டம், புரதம் வந்து ஒட்டுவதற்காக.

லிப்பிட் வடிவத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்டோஃபிலின் கதை இருக்கிறது. செமினாரில் கட்டாயம் சொல். நரம்பு முனையில் வெசிக்கிள் திரும்ப உள்ளே எடுக்கப்படும்போது அதன் கழுத்தில் வந்து உட்காரும் புரதம் அது. 1999-இல் ஓர் ஆய்வு வந்தது: எண்டோஃபிலின் ஒரு நொதி, லைசோபாஸ்பாட்டிடிக் அமிலத்தோடு ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டி பாஸ்பாட்டிடிக் அமிலமாக்குகிறது என்று. தலைகீழ்க் கூம்பு கூம்பாகிறது, கழுத்து வளைகிறது, குமிழி பிரிகிறது. அதே ஆண்டு கோல்கைக்கும் (செல்லுக்குள் சரக்கைப் பிரித்து அனுப்பும் அறைகள்) இதே வேலையைச் செய்யும் வேறொரு புரதம் என்று இன்னோர் ஆய்வு. கேட்க அவ்வளவு கச்சிதமாக இருந்தது. 2005-இல் கேம்பிரிட்ஜில் மெக்மஹன் குழு ஒவ்வொரு படியாகச் சுத்திகரித்துப் பார்த்தபோது, நொதி வேலை அந்தப் புரதத்தோடு வரவில்லை, சுத்திகரிப்பில் கூடவே ஒட்டிவந்த வேறொன்றோடு வந்தது. எண்டோஃபிலினுக்கும் அந்த இன்னொரு புரதத்துக்கும் அந்த நொதி வேலையே கிடையாது. எண்டோஃபிலின் செய்வது, பார் (BAR) எனப்படும் தன் வளைந்த பகுதியைச் சவ்வின் மேல் பதித்து, சுருள்களைச் செருகி வளைப்பதுதான்.

ஆறு ஆண்டுகள் பாடப் படங்களில் இருந்த விளக்கம் அது. வடிவம் என்ற கருத்து தவறு என்று சொல்லவில்லை. அது எந்த விளக்கத்துக்கும் அழகாகப் பொருந்திவிடுகிறது, அதனாலேயே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான்.

சவ்வோரம்

தறிநூல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அதை எண்ணாலேயே நிறுவவும் முடியும். ஆனால் அதே எண், வடிவம் எங்கே தவிர்க்க முடியாதது என்பதையும் காட்டும்.

முதலில் விலை. 1973-இல் ஹெல்ஃப்ரிக் எழுதிய சமன்பாட்டின்படி, தட்டையான சவ்வை மூடிய உருண்டையாக வளைக்க ஆகும் ஆற்றல் 8 × பை × வளைவு விறைப்பு. விட்டம் அந்தச் சமன்பாட்டில் வரவே வராது. 50 நானோமீட்டர் குமிழிக்கும் 5 மைக்ரோமீட்டர் குமிழிக்கும் ஒரே விலை. சாதாரண லிப்பிட் சவ்வின் விறைப்பு சுமார் 20 கே.டி., அதாவது வெப்ப அசைவின் ஆற்றலைப் போல 20 மடங்கு. பெருக்கினால் 500 கே.டி. வருகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று உடைந்தால் கிடைப்பது 20 கே.டி. அளவு. ஆக ஒரு வெசிக்கிளின் விலை ஏறக்குறைய 25 ஏ.டி.பி. வெப்ப அசைவால் தற்செயலாக இது நடக்காது. யாராவது விலை கொடுத்தாக வேண்டும்.

லிப்பிட் வடிவம் அந்த விலையைக் கொடுக்குமா? ரேண்டும் ஃபுல்லரும் எக்ஸ்ரே மூலம் அளந்த இயல்பு வளைவுகளை எடுத்துக்கொள்வோம். ஓலியிக் வால் எத்தனாலமைன் லிப்பிட் சுமார் 3 நானோமீட்டர் ஆரத்தில் தலைப் பக்கமாக வளைய விரும்புகிறது. லைசோலெசித்தின் எதிர்த்திசையில் சுமார் 6 நானோமீட்டர் ஆரம். ஓலியிக் கோலின் லிப்பிட் கிட்டத்தட்ட தட்டை, லேசாக எத்தனாலமைன் பக்கம் சாய்வு. இப்போது முழுக்கக் கோலின் லிப்பிடால் ஆன சவ்வின் வெளி அடுக்கில் மட்டும் நூற்றுக்குப் பத்து லைசோலெசித்தினைச் செருகினால் அந்தச் சவ்வு விரும்பும் உருண்டையின் ஆரம் 150 நானோமீட்டருக்கு மேலே. செல்லின் வெசிக்கிளுக்கு வேண்டியது 30. அதற்கு வெளி அடுக்கில் பாதிக்கும் மேல் லைசோலெசித்தின் வேண்டும். அவ்வளவு ஏற்றினால் சவ்வு வெசிக்கிளாவதற்கு முன்பே மைசெல்களாகக் கரைந்துவிடும்.

அதனால்தான் கூண்டுப் புரதங்கள். குமிழியின் *உடலை* வளைப்பது அவைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கழுத்து வேறு சமாச்சாரம். பிரியப்போகும் குமிழியின் கழுத்து சில நானோமீட்டருக்கு ஒடுங்குகிறது. அறுபடும் நொடியில் உள் அடுக்கு தனக்குத் தானே முதலில் ஒட்டிக்கொள்ளும், வெளி அடுக்கு இன்னும் தொடர்ச்சியாக இருக்கும். அந்த இடத்தில் உள்ள வளைவுகள் எத்தனாலமைன் லிப்பிடின் 3 நானோமீட்டரோடு சரிக்குச் சரி. டைஅசைல்கிளிசரால் என்ற லிப்பிடுக்கு அநேகமாகத் தலையே இல்லை, அது விரும்பும் ஆரம் 1 நானோமீட்டர் அளவுதான். இங்கே சில நூறு மூலக்கூறுகளின் வடிவமே விலையைப் பெரிய அளவில் கூட்டும், குறைக்கும். வடிவத்தின் ஆட்சி நடக்கும் இடம் இது.

தறிநூல்

கழுத்துக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கூடுதல் தகவல்: டைஅசைல்கிளிசரால் கோல்கையில் வெறும் வடிவமாக மட்டும் வேலை செய்யவில்லை. 2002-இல் பாரனும் மல்ஹோத்ராவும் காட்டியபடி, புரத கைனேஸ் டி என்ற நொதியைக் கோல்கையின் கடைசி அறைக்கு வரவழைப்பதே அதுதான். அந்தக் கைனேஸ் இல்லாவிட்டால் சுரப்புப் பைகள் பிரிவதில்லை. ஆக டைஅசைல்கிளிசராலை எடுத்துவிட்டால் குமிழி நின்றுபோகிறது என்ற சோதனையை வைத்து வடிவம் காரணமா, ஆள் கூப்பிடும் வேலை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியே சோதித்தால்தான் உண்டு.

கண்ணாடித்தட்டு

இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. லைசோலெசித்தின் செய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதைச் சொல்கிறேன்.

கோலின் லிப்பிடைக் குளோரோஃபார்மில் கரைத்து, மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாகத் தடவி, வெற்றிடத்தில் நன்றாகக் காயவிட வேண்டும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சுக்ரோஸ் கரைசல். வினாடிக்கு 10 சுழற்சி மாறுமின்னோட்டம், ஒரு வோல்ட் வாக்கில். ஆஞ்சலோவாவும் டிமிட்ரோவும் 1986-இல் கொடுத்த முறை. ஓரிரு மணி நேரத்தில் பத்து இருபது மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ராட்சத வெசிக்கிள்கள் தட்டில் கொத்துக் கொத்தாக நிற்கும். அவற்றைக் குளுக்கோஸ் கரைசலுக்கு மாற்றினால், உள்ளே இருக்கும் சுக்ரோஸ் கனம் என்பதால் அடியில் போய்ப் படியும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் உள்பக்கம் இருண்டு, சுற்றிலும் வெள்ளை வளையத்தோடு தெரியும்.

இப்போது பக்கத்திலிருந்து மெதுவாக லைசோலெசித்தின். அது வெளி அடுக்கில்தான் முதலில் நுழையும். உள் அடுக்குக்குத் தாண்ட ரொம்ப நேரம் ஆகும், சாதாரண பாஸ்போலிப்பிட் ஒன்று தானாகப் புரண்டு மறுபக்கம் போக மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. அதனால் வெளி அடுக்கின் பரப்பு மட்டும் கூடுகிறது. வெசிக்கிளின் ஓரம் முதலில் நெளிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு இடத்தில் வெளியே ஒரு சின்ன மொட்டு, தாயோடு மெல்லிய கழுத்தால் ஒட்டிக்கொண்டு. உள்பக்கம் மொட்டு விடுவதை நான் இந்தச் சோதனையில் பார்த்ததில்லை, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மொட்டு பெரும்பாலும் அறுந்து போகாது, கழுத்தோடே ஆடிக்கொண்டு நிற்கும். இன்னும் ஏற்றினால் உள்பக்க இருட்டு மெல்ல வெளுக்கும். துளை விழுந்து சுக்ரோஸ் வெளியே போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சில நொடிகள்தான், வெசிக்கிளே இருக்காது.

வெளுப்பதற்கு முன்பே கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமினை ஓடவிட்டால் அது லைசோலெசித்தினைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், மொட்டுகள் உள்வாங்கும்.

கழுத்து அறுபடாமல் நிற்பதுதான் என் கண்ணில் முக்கியம். வளைப்பது ஒரு வேலை, அறுப்பது இன்னொரு வேலை. லைசோலெசித்தின் முதல் வேலைக்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

அவசரப்பிரிவு_மாறன்

ஆல்புமின் விஷயத்தைப் பார்த்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றியது. பாம்பு விஷத்தில் உள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2 செய்வதும் நீங்கள் சொன்ன அதே வெட்டுதான். பாஸ்போலிப்பிடின் இரண்டாவது வாலை வெட்டுகிறது. மிச்சம் லைசோலெசித்தினும் ஒரு கொழுப்பு அமிலமும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இரண்டின் விஷத்திலும் இந்த நொதிக் குடும்பம் நிறைய உண்டு. அதன் எல்லாத் தீங்கும் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். பல ஏ2 புரதங்களுக்கு நரம்பையும் ரத்தம் உறைதலையும் தாக்கும் தனி வேலைகள் இருக்கின்றன.

சிவப்பணுவில் குறைந்த அளவு லைசோலெசித்தின் சேர்ந்தால் அணு முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொள்ளும். ஆல்புமினில் கழுவினால் பழைய தட்டு வடிவத்துக்குத் திரும்பும். அளவு கூடினால் அணு உடையும். குளோர்புரோமசின் கொடுத்தால் நேர்மாறாக உள்பக்கம் குழிந்து கிண்ணமாகும். 1974-இல் ஷீட்ஸும் சிங்கரும் இதற்குத் தந்த விளக்கம் உங்கள் இரண்டு அடுக்குக் கணக்குதான்: எந்த அடுக்கில் போய் உட்காருகிறதோ அந்த அடுக்கு விரிகிறது, அணு அந்தப் பக்கம் வளைகிறது. குளோர்புரோமசினுக்கு நேர்மின்னூட்டம். எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பாட்டிடைல் செரின் உள் அடுக்கில் இருப்பதால் அது உள்ளே போய்ச் சேர்கிறது.

கயல்_உயிரிநுட்பம்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை சொன்னதில் லைசோலெசித்தினை வெளியிலிருந்துதான் ஊற்றுகிறோம். செல் தானாக ஒரு பக்கத்து அடுக்கை விரிக்க முடியுமா? எத்தனை மூலக்கூறு நகர வேண்டியிருக்கும்?

சவ்வோரம்

எண்ணிக்கையை நான் சொல்கிறேன், எப்படி நகர்த்துகிறது என்பதைத் தறிநூல் சொல்லட்டும்.

50 நானோமீட்டர் விட்டமுள்ள வெசிக்கிள், சவ்வின் தடிமன் 4. வெளி முகத்தின் ஆரம் 25, உள் முகத்தின் ஆரம் 21. பரப்புகள் சுமார் 7,850-உம் 5,540-உம் சதுர நானோமீட்டர். ஒரு லிப்பிடுக்கு 0.65 என்று வைத்தால் வெளியே 12,000, உள்ளே 8,500. ஒரே சவ்வின் இரண்டு முகங்களில் 3,500 மூலக்கூறு வித்தியாசம். தலைப் பரப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பதால் இது உத்தேசம்தான், ஆனால் அளவு புரியும். ஒரு மைக்ரோமீட்டர் குமிழியில் இதே வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். சின்னக் குமிழிக்குத்தான் இந்தத் தலைவலி.

கழுத்து திறந்திருக்கும் வரை லிப்பிடுகள் தாய்ச் சவ்விலிருந்து வழுக்கி வந்து சரிசெய்துகொள்ளும். அதனால் அத்தனையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள வேண்டும் என்றில்லை.

தறிநூல்

புரட்டுவதற்கென்றே செல்லில் இயந்திரங்கள் உண்டு. பி4 வகை ஏ.டி.பி.ஏஸ்கள், ஃபிளிப்பேஸ் என்று அழைப்போம். ஈஸ்ட் கோல்கையில் டிஆர்எஸ்2 என்று ஒன்று. ஏ.டி.பி.யைச் செலவழித்து பாஸ்பாட்டிடைல் செரினை உள்ளறைப் பக்கத்திலிருந்து சைட்டோசால் பக்கத்துக்கு ஏற்றுகிறது. கிரஹாம் குழு 2013-இல் காட்டியது: இந்தப் புரட்டல் நின்றால் கோல்கைக்கும் எண்டோசோமுக்கும் (செல் வெளியிலிருந்து உள்ளே எடுத்தது வந்து சேரும் அறை) இடையிலான குறிப்பிட்ட வெசிக்கிள் போக்குவரத்து தடுமாறுகிறது. சைட்டோசால் அடுக்கில் ஆட்கள் கூடுவதால் வளைவும் கிடைக்கிறது, எதிர்மின்னூட்டமும் கிடைக்கிறது, இரண்டும் சேர்ந்து புரதங்களை வரவேற்கின்றன.

வளைவை உணரும் புரதங்களையும் விட்டுவிடாதே. வளைந்த சவ்வின் வெளி அடுக்கில் தலைகளுக்கு நடுவே இடைவெளி விழும். ஆர்ஃப்கேப்1 என்ற புரதத்தின் சுருள் அந்த இடைவெளியில்தான் நுழையும், தட்டைச் சவ்வில் ஒட்டாது. 2003-இல் அன்டோனி குழு கண்டது. கூண்டைக் கழற்றும் உத்தரவைக் கொடுப்பது இந்தப் புரதம்தான். போதுமான வளைவு வந்த பிறகே கழற்றும் வேலை வேகமெடுக்கிறது. லிப்பிடின் வடிவம் இங்கே புரதம் படிக்கும் செய்தியாக இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த உதாரணம்.

மருந்தியல்_சுதா

நான் வேலை பார்ப்பது மருந்துத் தயாரிப்பில். இந்தக் கணக்கை நாங்கள் தினமும் உபயோகிக்கிறோம், ஆனால் தலைகீழாக: எங்களுக்குச் சவ்வு *உடைய* வேண்டும்.

கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் உள்ள அயனியாகும் லிப்பிடுகள், ஃபைசர் பயோன்டெக்கில் ஏ.எல்.சி.-0315, மாடர்னாவில் எஸ்.எம்.-102. ரத்தத்தின் நடுநிலையில் அவற்றுக்கு மின்னூட்டம் அநேகமாக இல்லை. எண்டோசோம் அமிலமாகும்போது தலை நேர்மின்னூட்டம் பெறுகிறது, எண்டோசோம் சவ்வின் எதிர்மின் லிப்பிடோடு ஜோடி சேர்கிறது. ஜோடிக்குத் தலை சின்னது, வால்கள் கிளை விட்டு அகலமானவை. கூம்பிலும் கூம்பு. சவ்வு அடுக்காக நிற்க முடியாமல் புரள்கிறது, ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. வந்து சேரும் பங்கு மிகச் சிறியது என்பதுதான் எங்கள் துறையின் பெரிய கவலை.

கயல், இவற்றை லிப்போசோம் என்று செமினாரில் எழுதிவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் அறை இல்லை, லிப்பிடும் ஆர்.என்.ஏ.வும் அடைத்த திண்மமான உள்பகுதி. பேங்கம் 1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே பேப்ரஹாமில் முதலில் பார்த்த லிப்போசோம், மூடிய இரட்டை அடுக்கு.

கயல்_உயிரிநுட்பம்

குறித்துக்கொண்டேன் அக்கா. கடைசியாக ஒன்று. வடிவமும் புரதமும் இரண்டுமே வேண்டும் என்பதை ஒரே சோதனையில் காட்டிய ஆய்வு ஏதாவது உண்டா? எல்லாமே தனித்தனியாக இருக்கிறது.

தறிநூல்

உண்டு. 2014-இல் பினோவும் அன்டோனி, பரேலி ஆகியோரும் வெளியிட்டது. புரதங்கள் மாறவில்லை: எண்டோஃபிலின், கூடவே கழுத்தை அறுக்கும் டைனமின். லிப்பிட் மட்டும் மாற்றினார்கள். ஒரு வகையில் வால் ஓலியிக் அமிலம், ஒற்றை இரட்டைப் பிணைப்பு. இன்னொன்றில் பல இரட்டைப் பிணைப்புள்ள டி.எச்.ஏ. போன்ற வால். பின்னதில் சவ்வு எளிதாக வளைந்தது, டைனமின் வேகமாக அறுத்தது. அந்த வால் ஒரே கூம்பாக உறைந்து நிற்பதில்லை. வளைவு கேட்கும் இடத்தில் மேலே மடங்கி வந்து தலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும். நரம்பு முனைச் சவ்வில் இந்த லிப்பிடுகள் நிறைய, அங்கேதான் வெசிக்கிள் மிக வேகமாகத் திரும்ப எடுக்கப்பட வேண்டும்.

இதில் சவ்வோரத்துக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சவ்வோரம்

ஒரே ஒரு திருத்தம்: அங்கே வடிவம் என்பதை நிலையான கூம்பாக வரையாதீர்கள் கயல். வால் எத்தனை வடிவங்களை எவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிறது என்று வரையுங்கள். கூம்பு, உருளை, தலைகீழ்க் கூம்பு என்ற மூன்று படங்களும் முதல் ஸ்லைடோடு போதும். இரண்டாவது ஸ்லைடிலிருந்து இரண்டு அடுக்கையும் சேர்த்தே வரையுங்கள்.

கயல்_உயிரிநுட்பம்

சரி அண்ணா. எண்டோஃபிலினை நடுவில் வைத்தே செமினாரைக் கட்டப் போகிறேன்: 1999, 2005, 2014. சுத்திகரிப்பில் கூட ஒட்டிவந்த நொதியை எப்படிப் பிரித்தார்கள் என்பதற்குப் படம் வேண்டும், அதை மட்டும் இன்னும் தேட வேண்டும்.

தறிநூல்

அந்த 2005 கட்டுரையிலேயே இருக்கும், நிரல் வடிப்பில் ஒவ்வொரு பகுதியாகப் புரத அளவையும் நொதி வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். புரதம் ஓரிடத்தில் இறங்குகிறது, நொதி வேலை வேறிடத்தில் இறங்குகிறது. அந்த இரண்டு மேடும் ஒன்றின் மேல் ஒன்று விழாததைக் காட்டினாலே வகுப்புக்குப் புரிந்துவிடும்.